ஹட்டன், கொட்டகலைப் பக்கத்துக் காணி, வீட்டு விலைகளின் பழைய தரவுகளை எங்கே தேடலாம்?

கேள்வி: கொட்டகலை ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம்.

நான் கொட்டகலையில் ஆசிரியையாகப் பணிபுரிகிறேன். அப்பா தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றபோது கிடைத்த ஊழியர் சேமலாப நிதி, கட்டாரில் இருக்கும் தம்பி மாதாமாதம் அனுப்பியது, என் சம்பளத்தில் மிச்சம் பிடித்தது எல்லாம் சேர்ந்து, ஓரளவு வங்கிக் கடனும் எடுத்தால், ஹட்டனுக்கும் தலவாக்கலைக்கும் இடையில் எட்டுப் பத்துப் பேர்ச்சஸ் காணியோடு சிறிய வீடொன்றை வாங்கலாம் என்ற நிலைக்கு வந்திருக்கிறோம். நான்கு தலைமுறையாக லயன் அறையில் இருந்த குடும்பம் முதன்முறையாகத் தன் பெயரில் உறுதி எழுதப் போகிறது. ஆகவே கேட்ட விலையைக் கொடுத்துவிட்டுப் பிறகு யோசிப்பதற்கு எனக்கு மனமில்லை.

தரகர்கள் எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் சொல்கிறார்கள்: "மலையகத்தில் காணி விலை இறங்கியதாகச் சரித்திரமே இல்லை, டீச்சர்." அந்தச் சரித்திரத்தைத்தான் நான் பார்க்க விரும்புகிறேன். 2015இல் பேர்ச்சஸ் என்ன விலை போனது, 2019இல் எவ்வளவு, பெற்றோலுக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்ற 2022இல் யாராவது வாங்கினார்களா, வாங்கியிருந்தால் எவ்வளவுக்கு என்று கேட்டால், ஆளுக்கொரு தொகை சொல்கிறார்கள். அதே ஆளிடம் அடுத்த வாரம் கேட்டால் அந்தத் தொகையும் மாறிவிடுகிறது.

மத்திய வங்கியின் இணையத்தளத்தில் காணி விலைக்கான குறிகாட்டி ஒன்றைக் கண்டு மகிழ்ந்தேன். திறந்து பார்த்தால் அது கொழும்பு மாவட்டத்துக்கு மட்டும் உரியது. விளம்பரத் தளங்களில் இன்றைய விலை இருக்கிறது, பழைய விலை இல்லை. ஓர் அரச அலுவலகத்துக்கு மூன்று நாள் லீவு போட்டுப் போய், ஒவ்வொரு கவுண்டராக அனுப்பப்பட்டு, கடைசியில் அப்படி ஒரு பட்டியல் தங்களிடம் இல்லை என்ற பதிலோடு மழையில் நனைந்து திரும்பினேன்.

எங்கள் பகுதிக்கென்று ஆண்டு வாரியான விலைத் தரவு எங்காவது உண்டா? இல்லையென்றால், துறைசாராத நானே ஒன்றைத் தொகுக்க முடியுமா? அப்படித் தொகுத்தால் எந்த எண்ணை எவ்வளவு தூரம் நம்பலாம்? தெரிந்தவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.


பதில்: நுவரெலியா நொத்தாரிசு

ஆசிரியை அவர்களுக்கு,

ஆயத்தமாக எடுத்துக்கொள்ளும்படியான பட்டியல் நம் மாவட்டத்துக்கு இல்லை. ஆனால் அதை உண்டாக்கத் தேவையான மூலப்பொருள் காணிப் பதிவகத்தின் ஏடுகளில் இருக்கிறது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, காணி விற்பனை நொத்தாரிசு ஒருவர் முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட்டால்தான் செல்லுபடியாகும். நாங்கள் நிறைவேற்றும் ஒவ்வோர் உறுதியின் இரண்டாம் பிரதியும் அடுத்த மாதம் 15ஆம் திகதிக்கு முன் காணிப் பதிவாளரிடம் போய்ச் சேர வேண்டும். 1927ஆம் ஆண்டின் 23ஆம் இலக்க ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின் கீழ், ஒரு காணித்துண்டுக்கென்று திறக்கப்பட்ட பக்கத்தில் அதன் விற்பனை, நன்கொடை, ஈடு, ஈட்டு விடுவிப்பு எல்லாம் திகதி வரிசையில், கொடுத்தவர், பெற்றவர், தொகை என்ற விபரங்களோடு பதியப்படுகின்றன. வாங்கப் போகும் காணியின் உரித்தைப் பார்ப்பதற்காக எப்படியும் இந்தத் தேடலைச் செய்வீர்கள். அதே கண்ணோடு விலையையும் எழுதிக்கொண்டு வாருங்கள். பக்கத்துக் காணித்துண்டுகளின் பக்கங்களையும் கேட்டுப் பாருங்கள். பெரிய காணியொன்றைத் துண்டு போட்டு விற்றிருந்தால், ஒவ்வொரு துண்டுக்கும் புதிய பக்கம் திறந்திருப்பார்கள். பழைய பக்கத்தின் இலக்கம் அதில் குறிக்கப்பட்டிருக்கும். அந்த நூலைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போக வேண்டும்.

இப்போது எச்சரிக்கை. அந்தப் பக்கத்திலுள்ள தொகைகள் எல்லாம் விலை அல்ல. தாய் மகளுக்கு எழுதிய நன்கொடை உறுதியிலுள்ள பெறுமதி முத்திரைத் தீர்வைக்காகக் குறிக்கப்பட்டது. அதைச் சந்தை விலையோடு சேர்க்கக் கூடாது. நிபந்தனை உறுதி என்று ஒன்று உண்டு: பணத் தேவைக்காகக் காணியை எழுதிக்கொடுத்து, குறித்த காலத்துக்குள் பணத்தைத் திருப்பினால் மீண்டும் எழுதி வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு. பார்வைக்கு அது விற்பனைபோல் இருக்கும். உள்ளே இருப்பது கடன், எனவே தொகை மிகக் குறைவாக இருக்கும். அறுதி உறுதிகளை, அதாவது திருப்பி எழுதும் நிபந்தனை ஏதுமில்லாத முழு விற்பனைகளை, மாத்திரம் பொறுக்கி எடுங்கள்.

அறுதி உறுதியிலும் ஒரு நோய் இருக்கிறது. மாகாண சபைக்குச் சேரும் முத்திரைத் தீர்வை, பெறுமதியின் முதல் 1 இலட்சத்துக்கு 3 சதவீதம், எஞ்சியதற்கு 4 சதவீதம். 50 இலட்சத்துக்கு வாங்கியவர் உண்மையை எழுதினால் 1,99,000 ரூபாய் கட்ட வேண்டும். 30 இலட்சம் என்று எழுதினால் 1,19,000 ரூபாயோடு போய்விடும். அந்த 80,000 ரூபாய்க்காகத் தொகையைக் குறைத்து எழுதச் சொல்லி என்னிடமே எத்தனையோ பேர் கேட்டிருக்கிறார்கள். தீர்வை சந்தைப் பெறுமதிக்கே உரியது என்பதால், குறைத்துக் காட்டியதாகத் தெரிந்தால் மாகாண இறைவரித் திணைக்களம் மேலதிகத் தொகையைக் கேட்கலாம். 2018 ஏப்ரல் 1 முதல், சொத்தை விற்ற இலாபத்தின் மேல் விதிக்கும் மூலதன ஆதாய வரி 10 சதவீத வீதத்தில் மீண்டும் வந்த பிறகு, விற்பவருக்கும் தொகையைக் குறைக்கும் ஆசை வந்துவிட்டது. எனவே 2018 ஏப்ரலுக்கு முன்னைய எண்களையும் பின்னைய எண்களையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.


பதில்: ஓய்வுபெற்ற வங்கி உத்தியோகத்தர், கண்டி

நொத்தாரிசு ஐயா சொன்னதோடு, நான் கடன் பிரிவில் இருந்த காலத்து அனுபவத்தையும் சேர்க்கிறேன்.

முதலில் அந்தக் கொழும்புக் குறிகாட்டி. மத்திய வங்கி அதை விலைமதிப்புத் திணைக்களத்தின் தரவுகளை வைத்து, வதிவிடம், வர்த்தகம், கைத்தொழில் என்று பிரித்து, அரையாண்டுக்கு ஒரு முறை வெளியிடுகிறது. நல்ல வேலைதான். ஆனால் அதன் சதவீதத்தை எடுத்து ஹட்டன் காணியொன்றின் பழைய விலையோடு பெருக்கி இன்றைய விலையைக் காண முயன்றால் தவறிவிடும். கொழும்பில் காணி கைமாறும் வேகம் வேறு. நம்மிடத்தில் நகரத்தைச் சுற்றியுள்ள நிலத்தின் பெரும்பகுதி 1972, 1975 காணிச் சீர்திருத்தச் சட்டங்களால் அரசுக்குப் போய், 1992க்குப் பின் பெருந்தோட்டக் கம்பனிகளுக்குக் குத்தகையில் இருக்கிறது. அது சந்தைக்கே வராது. மிஞ்சியிருக்கும் கொஞ்சச் சொந்தக் காணிக்குத்தான் கடைக்காரர், ஆசிரியர், வெளிநாட்டுப் பணம் கண்ட குடும்பம், விடுதி கட்ட வந்த வெளியூர்க்காரர் எல்லோரும் போட்டியிடுகிறார்கள். ஆண்டுக்கு ஒரு சில விற்பனைகளே நடக்கும் இடத்தில், ஒரு விற்பனை சராசரியையே தூக்கிவிடும்.

நீங்கள் தேட வேண்டிய இன்னொரு பொருள் பழைய விலைமதிப்பு அறிக்கைகள். கடனுக்காக வங்கிக்குக் கொடுக்கப்பட்ட அறிக்கையில் சந்தைப் பெறுமதியும் கட்டாய விற்பனைப் பெறுமதியும் (அவசரமாக விற்க நேர்ந்தால் கிடைக்கக்கூடிய தொகை) தனித்தனியே இருக்கும். நீங்கள் முதலாவதை எடுக்க வேண்டும். காணிக்கு இவ்வளவு, கட்டடத்துக்கு இவ்வளவு என்று பிரித்து எழுதியிருப்பதே அதன் பெரிய பயன். வேறு எந்த மூலமும் அதைத் தருவதில்லை. மூலதன ஆதாய வரி விதிகளின்படி, 2017 செப்தெம்பர் 30 அன்று ஒருவரிடம் ஏற்கெனவே இருந்த சொத்துக்கு அன்றைய சந்தைப் பெறுமதியே அடக்க விலையாகக் கொள்ளப்படுகிறது. அதனால் பின்னர் விற்றவர்களில் சிலர் அந்தத் திகதிக்குரிய பெறுமதியை மதிப்பீட்டாளரிடம் எழுதி வாங்கியிருப்பார்கள். அயலில் அப்படி ஓர் அறிக்கை வைத்திருப்பவர் பெயரை மறைத்துக் காட்ட இணங்கினால், 2017க்கு உங்களுக்கு ஒரு உறுதியான முளை அகப்படும். விற்பனையின்போது வரிக்காக வாங்கப்பட்ட அறிக்கையென்றால், ஆதாயத்தைக் குறைக்கும் நோக்கில் பெறுமதி சற்று மேல்நோக்கிச் சாய்ந்திருக்கக்கூடும் என்பதையும் மனதில் வையுங்கள்.

சோலைவரி ஏட்டைப் பார்க்கச் சொல்லி யாராவது ஆலோசனை தரலாம். அதிலுள்ளது வாடகையை அடிப்படையாகக் கொண்ட வருடாந்தப் பெறுமதி. அதுவும் மறுமதிப்பீடு நடக்கும் வரை பல ஆண்டுகளுக்கு அசையாமல் கிடக்கும். விலைப் போக்குக்கு அது உதவாது. வங்கிகள் பத்திரிகையில் போடும் ஏல அறிவித்தல்களிலும் ஏமாறாதீர்கள். 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வரும் அந்த அறிவித்தலில் இருப்பது கடன் நிலுவை. காணி எவ்வளவுக்குப் போனது என்பது அதில் இராது.


பதில்: பேராதனை புள்ளிவிபரவியல் மாணவன்

மதிப்புக்குரிய ஆசிரியைக்கு,

தரவைச் சேர்த்த பிறகு என்ன செய்வது என்பதை மட்டும் சொல்கிறேன். விற்பனைகள் குறைவான இடத்துக்கு மிகவும் பொருத்தமான வழி, ஒரே காணித்துண்டு இரண்டு தடவை விற்கப்பட்ட இணைகளைத் தேடுவது. ஹட்டனில் இந்த வருடம் விற்ற காணி பிரதான வீதியோரமாகவும், போன வருடம் விற்றது வான் போகாத சரிவிலும் இருந்தால், இரண்டின் வித்தியாசம் சந்தையின் ஏற்றத்தைக் காட்டாது. இடத்தின் வித்தியாசத்தைத்தான் காட்டும். ஒரே துண்டின் இரண்டு விலைகளை எடுத்தால் சரிவு, பாதை, தண்ணீர் எல்லாம் இரு பக்கமும் சமமாகிவிடும். இடையில் வீடு கட்டப்பட்டிருந்தால் அந்த இணையை விட்டுவிட வேண்டும். இந்த முறையைப் பெய்லி, மியூத், நோர்ஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் 1963இல் எழுதினார்கள்; அமெரிக்காவின் பிரபலமான வீட்டு விலைச் சுட்டெண்கள் பல இன்றும் அதன் வழியிலேயே கணிக்கப்படுகின்றன. இங்கிலாந்தில் 1995 முதலான ஒவ்வொரு வீட்டு விற்பனையின் விலையையும் காணிப் பதிவகமே பொதுமக்களுக்குத் திறந்து வைத்திருப்பதால் அங்கே இது ஒரு மாலை நேர வேலை. நமக்கு ஏடு ஏடாகப் புரட்ட வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

ஆண்டு வாரியாகப் புள்ளி வைக்க முயலாதீர்கள். உங்களுக்குக் கிடைக்கப்போகும் பதினைந்து இருபது விற்பனைகளை வைத்து அது முடியாது. காலத்தை நான்கு கட்டங்களாகப் பிரியுங்கள்: 2018 ஏப்ரலுக்கு முன், அதிலிருந்து 2020 நடுப்பகுதி வரை, வட்டி மிகவும் தாழ்ந்திருந்த 2020 யூலையிலிருந்து 2022 மார்ச் வரை, அதற்குப் பின். 2020 யூலையில், வங்கிகளின் வட்டிக்கு அடிப்படையான மத்திய வங்கியின் துணைநில் வைப்பு வசதி வீதம் 4.50 சதவீதமாகவும் கடன்வழங்கல் வசதி வீதம் 5.50 சதவீதமாகவும் இறக்கப்பட்டன. 2022 ஏப்ரலில் ஒரே நாளில் அவை 13.50, 14.50 ஆயின. கடன் எடுத்து வாங்குபவரின் கை ஒரே இரவில் கட்டப்பட்ட அந்த இடத்தில் கோடு போடாமல் போக்கைப் பேச முடியாது. ஒவ்வொரு கட்டத்துக்கும் சராசரிக்குப் பதிலாக இடைநிலை விலையை, அதாவது விலைகளைச் சிறியது முதல் பெரியது வரை வரிசைப்படுத்தினால் நடுவில் வருவதை, எடுங்கள்.

பணவீக்கத்தைக் கழிக்காமல் எதையும் முடிவு செய்யாதீர்கள். 2022 செப்தெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் முந்தைய ஆண்டின் அதே மாதத்தைவிட 69.8 சதவீதம் உயர்ந்திருந்தது. எடுத்துக்காட்டாக, 2021 செப்தெம்பரில் பேர்ச்சஸ் 2,00,000 ரூபாய்க்குப் போன காணி, ஒரு வருடம் கழித்து 3,39,600 ரூபாய்க்குப் போயிருந்தால்தான் அதன் பெறுமதி அசையாமல் இருந்திருக்கும். 3 இலட்சத்துக்கு விற்றவர் பாதிக்குப் பாதி இலாபம் என்று சொல்வார். பொருட்களின் விலையோடு ஒப்பிட்டால் அவர் இழந்திருக்கிறார். தரகர் சொல்லும் "இறங்கவே இல்லை" என்ற வார்த்தை இந்த இடத்தில்தான் உடைகிறது. சுட்டெண்களைத் தொகைமதிப்பு, புள்ளிவிபரவியல் திணைக்களத்தின் தளத்தில் மாத வாரியாக எடுக்கலாம். 2013ஐ அடிப்படையாகக் கொண்ட தொடரும் 2021ஐ அடிப்படையாகக் கொண்ட தொடரும் தனித்தனியே இருப்பதால், கலந்துவிடாமல் இணைக்க வேண்டும்.

பழைய விளம்பரங்களையும் புறக்கணிக்க வேண்டாம். கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் பழைய பத்திரிகைகளைப் பார்க்கலாம். நூலகம் எண்ணிம நூலகத்திலும் தமிழ்ப் பத்திரிகைகள் நிறைய உண்டு. விளம்பரத்தில் உள்ளது கேட்கும் விலை, கொடுத்த விலை அல்ல. எனினும் இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் கூடிக் குறைவதே சந்தையின் சூட்டைச் சொல்லும். நுவரெலியாப் பக்கம் ஏப்ரல் வசந்த காலத்தில் வெளியூர்க்காரர் கூட்டம் வருவதால், அப்போது வரும் விளம்பரங்களை அடுத்த ஏப்ரலோடு மட்டும் ஒப்பிடுங்கள்.


பதில்: பொகவந்தலாவை தோட்டத்து வாசி

டீச்சர், நான் படித்தவர்களைப் போலக் கணக்குச் சொல்ல மாட்டேன். ஆனால் இதுவரை யாரும் சொல்லாத இரண்டு விடயங்களைச் சொல்ல வேண்டும்.

தோட்டத் தொழிலாளர் வீடமைப்புத் திட்டங்களில் எங்களுக்குக் கிடைக்கும் 7 பேர்ச்சஸ் வீட்டுக் காணிகளை உங்கள் பட்டியலில் சேர்க்க வேண்டாம். அந்த 7 பேர்ச்சஸ், ஏறத்தாழ 1,906 சதுர அடி, சந்தையில் விலை பேசி வாங்கியது அல்ல. அதை யாராவது கைமாற்றியதாகக் கேள்விப்பட்டாலும், உறுதி இல்லாமல் வெறும் கடதாசியில் எழுதிக் கொடுத்த தொகை அது. அரசாங்க அனுமதிப்பத்திரக் காணிகளும், சுவர்ணபூமி, ஜயபூமி என்று கொடுத்த காணிகளும் அப்படித்தான். பிரதேச செயலாளரின் சம்மதமின்றி அவற்றை விற்க முடியாது. விலை மலிவாக இருப்பதற்குக் காரணம் அதுதான். மலிவைப் பார்த்துவிட்டு, விலை இறங்கியிருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள்.

மற்றது மண்சரிவு. 2014 ஒக்தோபர் 29 மீரியபெத்தையையும், 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் நம் மலைகளில் செய்ததையும் பார்த்த பிறகு, ஒரே தெருவில் இரண்டு விலை வந்துவிட்டது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு ஆபத்து பற்றிய அறிக்கை உள்ள காணி ஒரு விலை, அறிக்கை கிடைக்காத காணி இன்னொரு விலை. நீங்கள் எழுதும் ஒவ்வொரு விலைக்குப் பக்கத்திலும் அந்த அறிக்கை இருந்ததா, பின்பக்கம் வெட்டிய மண்மேடு எவ்வளவு உயரம், தாங்குசுவர் யார் கட்டியது என்று எழுதுங்கள். தாங்குசுவர் இல்லாத வீட்டை மலிவென்று வாங்கி, பிறகு வீட்டுக்குச் சமமான பணத்தைச் சுவரில் போட்டவர்களை எனக்குத் தெரியும்.


கேள்வி கேட்டவரின் மறுமொழி: கொட்டகலை ஆசிரியை

உங்கள் ஒவ்வொருவருக்கும் என் நன்றி. பாடசாலை விடுமுறையில் காணிப் பதிவகத்துக்குப் போய் வந்தேன். இம்முறை என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்திருந்ததால், ஏட்டை எடுத்துத் தந்தவர் பொறுமையாக உதவினார்.

நாங்கள் பார்க்கும் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளியிருக்கும் ஒன்பதரைப் பேர்ச்சஸ் துண்டின் பக்கத்தை முதலில் பார்த்தேன். ஓரம் தேய்ந்து, மூலையில் நூல் பிரிந்த தாள். நீல மையில் ஆறு பதிவுகள். 1996இல் ஒரு விற்பனை. 2009இல் தாய் மகளுக்கு நன்கொடை. 2013இல் ஓர் ஈடு, 2016இல் அதன் விடுவிப்பு, அதே மாதத்தில் ஒரு விற்பனை. 2021இல் மீண்டும் ஒரு விற்பனை. நொத்தாரிசு ஐயா சொன்னபடி நன்கொடையையும் ஈட்டையும் நீக்கினால், 2016, 2021 என்று ஓர் இணை கிடைக்கிறது. இடையில் கட்டட வேலை நடக்கவில்லை என்று அயலவர் உறுதிப்படுத்தினார். ஆனால் இரண்டு விற்பனைகளிலும் எழுதப்பட்டிருக்கும் தொகை ஒன்றேதான், ஒரு ரூபாய் வித்தியாசமில்லை.

ஐந்து வருடத்தில் விலை அசையவில்லை என்று எடுத்துக்கொள்வதா என்று குழம்பியபடி தாளைத் திருப்பினேன். மறுபக்கத்தின் முதல் வரியில், 2021 விற்பனைக்கு இரண்டு நாள் கழித்து, வாங்கியவர் அதே காணியை ஒரு வங்கிக்கு ஈடு வைத்திருக்கிறார். அந்த ஈட்டின் தொகை, அவர் வாங்கியதாக எழுதப்பட்ட விலையைவிடப் பெரியது! இதை எப்படிக் கையாள்வது?


பதில்: ஓய்வுபெற்ற வங்கி உத்தியோகத்தர், கண்டி

சகோதரி, மிகச் சரியான இடத்தில் தாளைத் திருப்பியிருக்கிறீர்கள். வாங்கிய விலைக்கு மேல் எந்த வங்கியும் சும்மா கடன் கொடுக்காது. மதிப்பீட்டாளர் சொன்ன சந்தைப் பெறுமதியில் ஒரு பங்கைத்தான் கொடுக்கும். ஆகவே 2021 உறுதியில் எழுதப்பட்ட தொகை குறைத்துக் காட்டப்பட்டது என்பதற்கு அந்த ஈடே பலமான அறிகுறி. பட்டியலில் உறுதித் தொகைக்கு ஒரு நிரலும், உடன் வந்த ஈட்டுத் தொகைக்கு வேறொரு நிரலும் வையுங்கள்; இரண்டையும் ஒன்றாக்க வேண்டாம். ஈட்டுத் தொகையை, பெறுமதி இதற்குக் கீழே இருக்க இடமில்லை என்ற அடித்தளமாகக் கொள்ளுங்கள்.

ஒரு விடயத்தை மட்டும் உறுதி செய்ய வேண்டும். அந்தக் கடன் காணி வாங்குவதற்கு மட்டும் எடுக்கப்பட்டதா, வீட்டை விஸ்தரிப்பதற்கும் சேர்த்து எடுக்கப்பட்டதா என்று பாருங்கள். கட்டட வேலைக்கும் சேர்த்த கடன் பகுதி பகுதியாகத்தான் விடுவிக்கப்படும். ஆனால் ஈடு முழுத் தொகைக்கும் முதலிலேயே எழுதப்பட்டுவிடும். ஈட்டு உறுதியின் சான்றுப்படுத்திய பிரதியை எடுத்தால் கடனின் நோக்கம் அதிலேயே இருக்கக்கூடும். 2016 விற்பனைக்கு ஈடு ஏதும் இல்லாததால், அந்த வருடத்துக்கு இந்தத் துண்டை நம்ப வேண்டாம். அதே பாதையில் கடனோடு வாங்கப்பட்ட இன்னும் மூன்று நான்கு துண்டுகளின் பக்கங்களைப் பாருங்கள். கையில் அவை வந்த பிறகு விற்பனையாளரோடு பேச உட்காருங்கள். அதுவரை முற்பணம் எதுவும் கொடுக்க வேண்டாம்.